யார் தொட்டாலும் எரியும்

தேவகிருபையின் போன் கீழே விழுந்து உடைந்தபோது வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை. அதனால் ஒரு 'ஐயோ'கூட அவள் வாயிலிருந்து வரவில்லை. சமையல் மேடையில் பாத்திரத்தை நகர்த்தும்போது முழங்கை பட்டு விழுந்திருந்தது. குனிந்து எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். கண்ணாடியில் ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை நரம்பு நரம்பாகக் கீறல் ஓடியிருந்தது.

பெரும்பாக்கத்தில் பதினோராவது மாடியில் ஒற்றைப் படுக்கையறை வீடு அவளுடையது. வயது நாற்பத்தேழு. சொந்த ஊர் பாளையங்கோட்டை. அங்கே தம்பி இருக்கிறான்; கிறிஸ்துமஸுக்கு வாழ்த்துப் படம் அனுப்புவான். நீதிமன்ற விசாரணைகளை இப்போதெல்லாம் இயந்திரமே கேட்டு எழுதிவிடுகிறது. அது பிழையாக எழுதிய இடங்களைக் கேட்டுத் திருத்துவது கிருபாவின் வேலை. அழுதுகொண்டே பேசுகிறவர்களின் தமிழ் இயந்திரத்துக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆகவே நாள் முழுக்க அவள் காதில் யாராவது அழுதுகொண்டிருந்தார்கள். அவளிடம் பேசத்தான் ஆள் இல்லை.

போன் இல்லாமல் அந்த வேலைக்குள் நுழைய முடியாது. அவளுடையது நாடிக்கண்ணாடி போட்ட போன். விரலை வைத்தால் அந்தக் கண்ணாடி நாடித் துடிப்பை அறிந்துகொள்ளும். திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது உயிருள்ள ஆள்தான் என்று அது சொன்னால்தான் அலுவலகம் கதவைத் திறக்கும்.

ஆனால் ஜனங்கள் அந்தப் போனை வாங்கியது அலுவலகத்துக்காக அல்ல, கூடவே வந்த துடிவிளக்குக்காக. கோலிக்குண்டு அளவில் ஒரு விளக்கு. வேண்டியவர்களிடம் அதைக் கொடுத்துவிடலாம். நம் விரல் இங்கே கண்ணாடியில் படும்போதெல்லாம், எத்தனை தூரத்தில் இருந்தாலும் அங்கே அந்த விளக்கு நம் நாடியோடு சேர்ந்து விட்டு விட்டு எரியும். பிள்ளைகளை வெளியூரில் வைத்திருக்கும் வீடுகளில் சாமி படத்துக்குப் பக்கத்தில் துடிவிளக்கு வந்துவிட்டது. "பையன் எப்படி இருக்கான்?" என்று கேட்டால், "காலையிலருந்து எரியுதே" என்றார்கள்.

கிருபாவின் விளக்கு அவள் அம்மாவிடம் இருந்தது. அம்மா இறந்தபோது அதைக் கைக்குள் வைத்தே அடக்கம் செய்துவிட்டார்கள். சார்ஜ் தீரும் வரைக்கும் சில நாள் மண்ணுக்கடியில் எரிந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியதுண்டு. அதைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை.

கம்பெனி சர்வீஸில் கேட்டபோது போனை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அத்தனை நாள் வேலைக்கு வராவிட்டால் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும். கிருபா ரிச்சி தெருவுக்குப் போனாள்.

"ஒட்டித் தர முடியாது சிஸ்டர்," என்றார் ஜாபர் பாய். ஐம்பதைத் தாண்டியவர். கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கியது. "நாடி பாக்குற கண்ணாடிங்கறதால இத வைத்தியக் கருவின்னு சட்டத்துல சேத்துட்டாங்க. கம்பெனிக்காரனத் தவிர வேற கடை கை வெச்சா கேஸு. பார்ட்ஸ் விக்கலாம். வாங்கினவங்க தன் வீட்டுல, தன் போன்ல, தானே மாத்திக்கிட்டா தப்பில்ல."

"எனக்கு பல்புகூட மாட்டத் தெரியாது பாய்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லிட்டு வாங்கிட்டுப் போறாங்க. மறுநாள் போன் பண்ணி 'வேலை செய்யுது பாய்'னு கத்துவாங்க." ஒரு சின்ன அட்டைப்பெட்டியை எடுத்து வைத்தார். "புதுசு வெளிய கிடைக்காது. இது ஒரு பழைய போன்லருந்து எடுத்தது. கீறல் இல்ல. அவசரப்படாம செய்ங்க."

மறுநாள் காலையில் சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்து உட்கார்ந்தாள். ஹேர் டிரையரால் போனின் ஓரங்களைச் சூடு காட்டினாள். பசை இளகியதும் கண்ணாடியைக் கவ்விப் பிடிக்கும் ரப்பர் கிண்ணியை வைத்து இழுத்து, இடுக்கில் மெல்லிய பிளாஸ்டிக் வில்லையை நுழைத்து மெதுவாக ஓட்டினாள். கடுகைவிடச் சின்னத் திருகுகள். எது எந்த இடத்தில் இருந்ததோ அதே வரிசையில் செலோடேப்பில் ஒட்டி வைத்தாள். முதலில் பேட்டரி இணைப்பு, பிறகு கண்ணாடியின் ரிப்பன். பழைய கண்ணாடி சில்லுச் சில்லாகக் கையோடு வந்தது. புதியதன் ரிப்பனை அழுத்தியபோது 'டிக்' என்று ஒரு சின்ன ஓசை. பசை பிடிக்க அம்மாவின் பைபிளையும் சட்ட அகராதியையும் மேலே அடுக்கிவிட்டு, அசையாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

எடுத்து விரலை வைத்தாள். திரை பளிச்சென்று வந்தது.

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகப் போனாள். பிறகு ஜாபர் பாய்க்கு போன் செய்து, "வேலை செய்யுது பாய்" என்றாள். "சொன்னேன்ல" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

அடுத்த நாள் காலை விழித்ததும் போனைத் தொட்டாள். கட்டை விரலுக்கு அடியில் கண்ணாடி இரண்டு தரம் லேசாக அதிர்ந்தது. உள்ளேயிருந்து யாரோ கதவைத் தட்டுவதுபோல் இருந்தது.

ரிப்பன் சரியாக உட்காரவில்லை என்று நினைத்தாள். மறுபடி சூடு காட்டி, பிரித்து, அழுத்தி, ஒட்டினாள். அடுத்த நாளும் விழித்துத் தொட்ட சற்று நேரத்தில் இரண்டு தட்டு. அதற்கு அடுத்த நாளும். பகலில் தொடும்போது எதுவும் இல்லை. காலையில் முதன்முதலாகத் தொடும்போது மட்டும்தான்.

அவள் திரும்பவும் கடைக்குப் போனாள். ஜாபர் பாய் போனை வாங்கி ஏதோ கருவியில் வைத்துப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"இது கோளாறு இல்ல சிஸ்டர். ஜோடி அழிக்காத கண்ணாடி."

"புரியலை."

"விளக்குக்கும் போனுக்கும் உறவுன்னு நினைக்கறோம். கிடையாது. விளக்குக்கும் கண்ணாடிக்கும்தான் உறவு. செய்யும்போதே ரெண்டையும் சேத்து முடிச்சுப் போட்டுடுவான். பழைய கண்ணாடிய விக்கறதுக்கு முன்னால அந்த முடிச்ச அழிக்கணும். இதுல அழிக்கல. உங்க விரல் படறப்பல்லாம் எங்கயோ யாரோ வீட்டுல ஒரு விளக்கு எரியுது. விளக்க அழுத்தினா இங்க அதிரும். அவங்க தட்டுறாங்க."

"ஆனா அது என் நாடிதான பாய்? வேற ஆளுன்னு அதுக்குத் தெரியாதா?"

"விரல் யாரோடதுன்னு கண்ணாடிக்குத் தெரியாது. உசுரு இருக்கான்னு மட்டும்தான் பாக்கும். யார் தொட்டாலும் எரியும்."

கிருபா கருவியில் கிடந்த போனைப் பார்த்தாள். "இந்தக் கண்ணாடிக்கு முன்னாடி சொந்தக்காரர் யாரு?"

"பழைய கண்ணாடி ரெண்டு வழியாத்தான் வரும். உள்ள செத்துப்போன போன்லருந்து வரும். இல்லன்னா..." அவர் அலமாரிப் பக்கம் திரும்பினார். "இருங்க, வேற கண்ணாடி தர்றேன். என் தப்பு, பாக்காம குடுத்துட்டேன்."

"மாத்திட்டா அங்க விளக்கு?"

"அணைஞ்சிரும்."

"திரும்பவும் அணையணுமா," என்றாள் கிருபா. போனை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

அன்று வீட்டுக்கு வந்து வெகுநேரம் போனைத் தொடாமல் இருந்தாள். பிறகு அதுவும் தப்பாகப் பட்டது. அங்கே யாரோ இருட்டான விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களே? அந்த 'யாரோ' அவள் மனசுக்குள் ஒரு தாயாக உருவெடுத்தாள். மகள் செத்துப் போனாள், விளக்கு அணைந்தது. பிறகு ஒரு நாள் காலையில் பொசுக்கென்று எரிந்தது. அந்தத் தாய் என்ன நினைத்திருப்பாள்? யாரிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பாள்? யார் நம்பியிருப்பார்கள்?

மறுநாள் காலை இரண்டு தட்டு வந்தபோது, யோசிக்காமல் கட்டை விரலால் திருப்பித் தட்டினாள். கொஞ்சம் இடைவெளி. பிறகு வேகமாக நான்கைந்து தட்டு வந்தது.

அதற்குப் பிறகு கிருபாவின் நாட்கள் மாறின. அலாரம் அடிப்பதற்கு முன்னாலேயே விழித்தாள். வேலை இல்லாத நேரத்திலும் கண்ணாடியில் விரலை வைத்துக்கொண்டே இருந்தாள். சோறு வடிக்கும்போது, துணி மடிக்கும்போது, ஜன்னலோரம் சும்மா நிற்கும்போதும்கூட. உலகத்தில் ஒருவர் அவள் எழுந்துவிட்டாளா என்று பார்க்கிறார். தூங்கப் போவதற்கு முன் விரலை எடுக்க மனசு வரவில்லை.

ஒருநாள் காதில் ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. காணாமல்போன மகனைப் பற்றி ஒரு பெண் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தாள். "செத்துட்டான்னு யாராவது சொல்லியிருந்தா அழுது முடிச்சிருப்பேன் ஐயா" என்றாள். இயந்திரம் அதை 'அழுது முடித்திருப்பேன் ஆயா' என்று எழுதியிருந்தது. திருத்தப் போன கிருபாவின் விரல் அப்படியே நின்றது.

அன்று மாலையே ஜாபர் பாயைக் கேட்டு, கண்ணாடி உடுமலைப்பேட்டையில் ஒரு கடையிலிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டாள். அந்தக் கடைக்காரர் போனில் சொன்னார்: "அது தண்டபாணி ஐயா வீட்டுக் கண்ணாடிங்க. அவரு சம்சாரம் தவறிட்டாங்க. தனியாத்தான் இருக்காரு." நம்பர் கொடுத்தார். கிருபா மூன்று தரம் அடித்தும் எடுக்கவில்லை. 'போன் எடுக்க மாட்டாருங்க, நேர்ல போனா இருப்பாரு' என்று கடைக்காரர் முகவரியையும் அனுப்பினார்.

தாய் இல்லை, கணவன். செத்தவள் மனைவி. கிருபா ஒருநாள் லீவு போட்டு ரயிலேறினாள். வழி நெடுக, சொல்ல வேண்டியதை மனசுக்குள் எழுதி எழுதித் திருத்தினாள். எப்படித் திருத்தினாலும் அது, 'உங்கள் மனைவி இரண்டாவது தரமும் செத்துவிட்டாள்' என்றுதான் முடிந்தது.

உடுமலையில் தளி ரோட்டை ஒட்டிய தெருவில் ஓட்டு வீடு. கதவைத் திறந்தவருக்கு எழுபத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான உடம்பு. வெள்ளை அரைக்கைச் சட்டை.

"யாருங்க?"

"சென்னையிலருந்து வாரேன் ஐயா. என் பேரு தேவகிருபை. உங்க வீட்டம்மா போனைப் பத்திப் பேசணும்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "வாங்க அம்மிணி. உக்காருங்க."

தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். கிருபா எழுதி வைத்திருந்த எல்லாம் மறந்துபோனது. பையிலிருந்து போனை எடுத்துக் கண்ணாடியில் விரலை வைத்தாள். அவருடைய சட்டைப் பைக்குள் ஒரு வெளிச்சம் விட்டு விட்டு எரியத் தொடங்கியது. அவளுக்குப் படபடப்பு, அதனால் வெளிச்சம் வேகவேகமாகத் துடித்தது.

"மன்னிச்சிருங்க ஐயா. இது அவங்க இல்லை. இத்தனை நாளும் நான்தான். பழைய கண்ணாடின்னு வாங்கி வீட்டுல நானே மாட்டினேன். தெரியாமத்தான் செஞ்சேன். தெரிஞ்ச பிறகும் கொஞ்ச நாள் சொல்லாம இருந்துட்டேன். அது என் தப்பு."

அவர் பையைக் குனிந்து பார்த்தார். முகத்தில் அதிர்ச்சியே இல்லை.

"தெரியுமுங்க," என்றார்.

"என்ன தெரியும்?"

"அவ இல்லீன்னு. நாந்தானுங்க அந்தக் கண்ணாடியக் கழட்டுனது. இதே மேசையில வெச்சு. கடைக்காரர் அழிச்சுட்டுத்தான் வாங்குவேன்னாரு. அழிக்காத வித்துப் போடுங்கன்னு நாந்தான் கெஞ்சுனேன்."

கிருபாவின் விரல் கண்ணாடியை விட்டு நழுவியது. விளக்கு அணைந்தது.

"எதுக்கு ஐயா?"

அவர் விளக்கை எடுத்து மேசைமேல் வைத்தார். உருண்டு போகாமல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டார்.

"எம்பட ஊட்டுக்காரி பேரு மயிலாத்தா. ஐதராபாத்துல மக ஊட்டுக்கு ஒத்தாசைக்குப் போனா. ஒரு மாசம்னு போனவ, வருசக்கணக்கா அங்கயே இருக்கற மாதிரி ஆயிப்போச்சு. மொதல்ல தெனமும் பேசிக்குவோம். இந்த வெளக்கு வந்துச்சு. காத்தால தட்டுவேன். திருப்பித் தட்டுவா. எரியும். இருக்கறாள்னு தெரிஞ்சுருது, அப்பறம் எதுக்குப் பேசோணும்? பேச்சு கொறஞ்சு கொறஞ்சு நின்னே போச்சுங்க. சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல."

"அப்புறம்?"

"ஒருநாளு தட்டுனேன். திருப்பித் தட்டல. ஆனா வெளக்கு எரியுது. சும்மா இல்லீங்க, அன்னிக்கு எரிஞ்ச மாதிரி என்னிக்கும் எரிஞ்சதில்ல. பொழுதுக்கும் எரிஞ்சுது. செரி, வேலையா இருக்கறா, நல்லாத்தான் இருக்கறான்னு சோத்தத் தின்னுட்டுப் படுத்துத் தூங்கிட்டேன்." அவர் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "அன்னிக்கு அவ ஆஸ்பத்திரியில கெடந்துருக்கறா. புள்ளையோட போன்ல சார்ஜ் இல்லீன்னு, அம்மா போன வெச்சுத்தான் டாக்டரு, ரத்தம், பணம்னு நாளெல்லாம் பேசியிருக்கறா. அந்த வெரலுக்குத்தான் எரிஞ்சுருக்குது. 'அப்பாகிட்டச் சொன்னியா'ன்னு இவ கேட்டுட்டே இருந்தாளாமா. நெலம செரியானதும் சொல்லிக்கலாம்னு புள்ள நெனச்சுட்டா. செரியாகலீங்க."

வெளியே ஒரு பஸ் போன சத்தத்தில் ஜன்னல் அதிர்ந்தது.

"போன எங்கிட்டக் குடுத்துட்டாங்க. வெளக்கு இருட்டாக் கெடந்துச்சு. எனக்கு ஊட்டுக்குள்ள இருக்க முடியல. நானே தொட்டு எரிய வெச்சுப் பாத்தேன். எங்கையி பட்டு எனக்கே எரியுது. அதவிடக் கேவலம் ஒண்ணுமில்ல அம்மிணி. அப்பறம்தான் யாரோ ஒருத்தரு தொடட்டுமே, எங்கயோ ஒரு உசுரு இருக்குதுன்னு தெரிஞ்சாப் போதும்னு வித்தேன். எரிஞ்ச மறுநாளு காத்தால தட்டிப் பாத்தேன். நீங்க திருப்பித் தட்டுனப்ப..."

கிருபாவுக்குக் கண் எரிந்தது. "எரியட்டும் ஐயா. நான் மாத்தலை. உங்களுக்காக மட்டும் சொல்லலை. எனக்கும் காலையில எந்திரிக்க ஒரு காரணமா இருக்கு."

அவர் தலையை ஆட்டினார். "வேண்டாமுங்க."

"ஏன்?"

"எரிஞ்சா நா கூப்பிட மாட்டேன். நீங்களும் மாட்டீங்க. எனக்கு என்னையத் தெரியுமுங்க. உங்களுக்கு ஒண்ணுன்னா அன்னிக்கும் யாராச்சும் உங்க போனத் தொடுவாங்க. இங்க எரியும். நா சோத்தத் தின்னுட்டுத் தூங்கிருவேன்."

அவள் மறுத்துப் பேசுவதற்கு முன், விளக்கின் அடியில் நகத்தால் அழுத்தி அப்படியே பிடித்துக்கொண்டார். சிவப்பாக ஒருமுறை மினுங்கி அது அடங்கியது. கிருபா பதறிப்போய்க் கண்ணாடியில் விரலை வைத்தாள். மேசைமேல் எதுவும் எரியவில்லை; முடிச்சு அழிந்திருந்தது.

"நம்பர் எழுதிக் குடுத்துட்டுப் போங்க," என்றார் தண்டபாணி. "கூப்புடறேன்."

திரும்பும் ரயிலில் அவள் நெடுநேரம் கண்ணாடியில் விரலை வைத்திருந்தாள். பக்கத்து இருக்கைப் பெண்ணின் மடியில் ஒரு துடிவிளக்கு விடாமல் எரிந்தது. அந்தப் பெண் அதைப் பார்க்காமலே வேர்க்கடலை தின்றுகொண்டு வந்தாள்.

அவர் கூப்பிடவில்லை. முதல் சில நாள் கிருபா காத்திருந்தாள். காலையில் விழித்தால் விரலுக்கடியில் கண்ணாடி சும்மா கிடந்தது, குளிர்ந்த கண்ணாடியாக மட்டும். பிறகு கோபம் வந்தது. இருந்ததையும் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிட்டாரே, கிழவர். ஜாபர் பாயிடம் போய் இதேபோல் அழிக்காத வேறு கண்ணாடி கிடைக்குமா என்று கேட்கலாமா என்றுகூட ஒருநாள் யோசித்து, யோசித்ததற்கே வெட்கப்பட்டாள்.

அப்புறம்தான் பயம் வந்தது. அவர் எழுந்தாரா, நடமாடுகிறாரா, எதுவும் தெரியவில்லை. பார்க்க விளக்கு இல்லை. தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது. அந்த வழியில் அவளுக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கோயிலுக்குப் போய் வந்து, செருப்பைக் கழற்றாமலே நம்பரை அழுத்தினாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி அடித்தாள். அறுந்துபோகும் நேரத்தில் எடுத்தார்.

"ஐயா, நான் கிருபா பேசுதேன். சென்னையிலருந்து."

மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "சொல்லுங்க அம்மிணி."

சொல்வதற்குத் தன்னிடம் ஒன்றுமே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"சாப்பிட்டீங்களா?"

"காத்தால ஆச்சுங்க. நீங்க?"

"இனிமேதான்."

அவ்வளவுதான். அவர் தொண்டையைச் செருமினார்.

"தெனமும் போன எடுப்பேனுங்க. நம்பர்கூட அமுத்துவேன். என்ன பேசறதுன்னு தெரியாத வெச்சுருவேன். மறந்துட்டேன்னு நெனச்சுப் போடாதீங்க."

"எனக்கும் தெரியலை ஐயா, என்ன பேசுததுன்னு."

"அப்ப எப்படிங்க?"

அவள் பதில் யோசிப்பதற்குள் அவர், "அட, அடுப்புல பாலு!" என்றார். போனை எங்கோ வைத்த சத்தம். செருப்பு சரசரவென்று ஓடியது. எதுவோ தரையில் விழுந்து உருண்டது. அவர் தன்னையே திட்டிக்கொள்வது தூரத்தில் கேட்டது. தெருவில் யாரோ கீரை விற்றார்கள். குழாய் திறந்து மூடியது. பிறகு எந்தச் சத்தமும் இல்லை.

கிருபா போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். வைத்துவிட்டு அப்புறம் கூப்பிடலாம்தான். அவள் காதைத் தீட்டிக்கொண்டு அந்த வீட்டின் அமைதியைக் கேட்டபடி இருந்தாள். ரொம்ப நேரம் கழித்துச் செருப்புச் சத்தம் திரும்பி வந்தது.

"இருக்கீங்ளா?"

"இருக்கேன் ஐயா."

"பொங்கிப் போச்சுங்க. அடுப்பெல்லாம் பாலு."

"போய்த் துடைச்சுட்டு வாங்க," என்றாள் கிருபா. "நான் வைக்கலை."